புது மட்டையும் ஊரார் கண்ணும்

புதிதாக ஒரு காரியத்தில் இறங்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு நம் நாட்டில் வரி விதிக்கப்படவில்லை. அதனால்தானோ என்னவோ அந்தச் சிரிப்பு இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது. மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் மாலை வேளையில் உலாவப் போகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பையன்கள் கிழிந்த பந்தை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பளபளவென்று ஒரு பையைத் தோளில் மாட்டி, நெற்றியில் பட்டி கட்டி, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பூட்ஸ் அணிந்து, டென்னிஸ் கற்றுக்கொள்ள ஒருவன் கிளம்பிவிட்டான் என்று வையுங்கள். கடலை கொறித்துக்கொண்டிருக்கிற பெரியவர்கள் கூடக் கொறிப்பதை நிறுத்திவிடுவார்கள். "ஆட்டம் வருகிறதோ இல்லையோ, ஜோடனைக்குக் குறைச்சல் இல்லை!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அதை ஆமோதிப்பார்கள்.

இந்த ஆமோதிப்பைத்தான் இங்கே விமர்சிக்க விரும்புகிறேன். ஒரு கதையையோ நாடகத்தையோ எடுத்துக்கொண்டு குணதோஷம் பார்ப்பதுபோல, ஒரு ஊரின் சிரிப்பை எடுத்துக்கொண்டும் பார்க்கலாம். அதிலும் ருசி என்று ஒன்று இருக்கிறது. அந்த ருசிக்குப் பின்னால் ஒரு நியாயமோ அநியாயமோ இருக்கத்தான் செய்கிறது.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தைக் கௌரவமாகவே எடுத்து வைப்போம். அடக்கம் நல்ல குணம் என்கிறார்கள், யார் மறுப்பது? "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழியைக் காட்டிக் கருவியில் கவனம் வைப்பவன் கலையில் கோட்டை விடுவான் என்கிறார்கள். அதற்கும் மேலே போய், உயர்ந்த கருவி என்பது உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய ஒரு கௌரவம், முதல் நாளே அதை எடுத்து மாட்டிக்கொள்வது ஒருவிதத் திருட்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. பக்கத்திலேயே சிதம்பரம் இருக்கிறது. உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாட்டியம் கற்கிற பெண் முதல் நாளே சலங்கை கட்டிக்கொள்கிறாளா? வருஷக் கணக்கில் வெறுங்காலால் தட்டிப் பழகி, குருவுக்குத் திருப்தி வந்த பிறகு பூஜை செய்துதானே சலங்கையை வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்?

இது நல்ல வாதம். ஆனால் சற்று நின்று யோசித்தால், இதற்குள்ளேயே இதன் பதிலும் இருப்பது தெரியும். சலங்கை விலை உயர்ந்த பொருள் என்பதற்காக அதைத் தள்ளிவைக்கவில்லை. அடவு தவறினால் சலங்கை அந்தத் தவற்றை நூறு வாயால் சபைக்குச் சொல்லிவிடும். தாளம் காலில் நிலைக்கும் முன் அந்த ஓசை கற்பவளையே குழப்பிவிடும். காரணம் வித்தையைச் சேர்ந்தது. அந்தஸ்தை மட்டும் சேர்ந்த கருவிகளும் உண்டு. ஜப்பானியர் கராத்தேயில் கட்டும் கறுப்புக் கச்சை அப்படிப்பட்டது. அது ஒரு சான்றிதழ். கற்காதவன் கட்டிக்கொண்டால் அது பொய்ச் சான்றிதழ். ஆனால் டென்னிஸ் மட்டை சலங்கையும் இல்லை, கறுப்புக் கச்சையும் இல்லை. 'நான் பெரிய ஆட்டக்காரன்' என்று அது யாருக்கும் உறுதிமொழி கொடுக்கவில்லை. கடையில் பணம் கொடுத்தான், வாங்கி வந்தான், அவ்வளவுதான். பார்க்கிறவர்களாக ஒரு சான்றிதழைக் கற்பனை செய்துகொண்டு, அதைப் பொய் என்று அவர்களே நிரூபித்து, அவர்களே சிரிக்கிறார்கள்.

அப்படியானால் டென்னிஸ்காரனைக் கண்டு மட்டும் ஏன் இந்தச் சிரிப்பு? புதுப் பேனா வாங்கிக் கதை எழுத உட்காருகிறவனைப் பார்த்து யாரும் சிரிக்கிறதில்லை. பத்திரிகாசிரியர் ஒருவர்தான் பின்னால் சிரிக்கிறார். இதற்குச் சரித்திரம் ஒரு காரணம் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். மஞ்சக்குப்பம் வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரி ஊர். தென்னாற்காடு ஜில்லாவுக்கு அதுதான் தலைமை ஸ்தலம். 1993இல் ஜில்லா இரண்டாகப் பிரிந்த பிறகும் கடலூர் மாவட்டத்துக்கு அப்படியே. இம்மாதிரி ஊர்களில் எல்லாம் டென்னிஸ் என்பது துரைகளின் மாலைப் பொழுதாக வந்து சேர்ந்தது. துரைகளுக்குப் பிறகு ஆபீசர்களும் வக்கீல்களும் டாக்டர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அதில் இருந்த பங்கு, பந்து பொறுக்கிப் போடுவது. வேலிக்கு வெளியே நின்றவனின் மகன் மட்டையோடு உள்ளே வந்தால் இரு பக்கத்திலிருந்தும் சிரிப்பு வருகிறது. உள்ளே இருப்பவர், 'இவனுமா?' என்று சிரிக்கிறார். வெளியே நிற்பவர், 'இவனுக்கு ஏன் இது?' என்று சிரிக்கிறார். மட்டையின் நிறம் ஒரு சாக்கு. சிரிப்பு வேலியைப் பற்றியது.

எளிமை, எளிமை என்று இந்த ஆட்டத்தில் போற்றப்படுகிறதே, அந்த எளிமையின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். விம்பிள்டனில் வெள்ளை உடை அணிந்துதான் ஆட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கனவான்களின் உடையில் வியர்வைக் கறை தெரிவது அநாகரிகம் என்று வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963இல் பெரும்பாலும் வெள்ளை என்றும், 1995இல் ஏறக்குறைய முழுவதும் வெள்ளை என்றும் விதி இறுகியது. 2023இல்தான் பெண்கள் உள்ளே கறுப்புக் கால்சட்டை அணிந்துகொள்ள அனுமதி கிடைத்தது. வெள்ளை என்றால் நமக்கு உடனே எளிமை ஞாபகம் வருகிறது. ஆனால் மண் தரையில் ஆடுகிற ஆட்டத்துக்குத் தினம் ஒரு வெள்ளை உடை என்றால் அதன் அர்த்தம் என்ன? வீட்டில் துவைத்துப் போட ஆள் இருக்கிறது என்று அர்த்தம்! அதைவிடப் பகட்டான உடை வேறு எது? காலையிலிருந்து சோப்புக் கட்டியோடு போராடுகிற தாயாரின் கண்ணுக்கு, அழுக்குத் தாங்கும் நீலமும் கறுப்பும்தான் எளிய நிறங்கள். பழைய பகட்டுக்குக் கண் பழகிவிட்டால் அதை அடக்கம் என்கிறோம். புதிய பகட்டைப் பார்த்ததும் பகட்டு என்கிறோம்.

இனி, கூடம் கோணல் என்ற பழமொழிக்கு வருவோம். அமெரிக்காவில் ஹோவர்டு ஹெட் என்று ஒருவர் இருந்தார். பனிச்சறுக்குப் பலகைகள் செய்து பெரும் பணம் சேர்த்தவர். அந்தத் தொழிலை விற்றுவிட்டு ஓய்வாக இருந்த வயதில் டென்னிஸ் கற்கத் தொடங்கினார். ஆட்டம் வரவில்லை. பழமொழிப்படி அவர் தலை குனிந்திருக்க வேண்டும். அவரோ கூடத்தை அளந்து பார்க்கக் கிளம்பிவிட்டார். அந்நாளைய மட்டையின் முகம் சுமார் 65 சதுர அங்குலம். நடுவிலிருந்து சற்று விலகிப் பந்து பட்டால் மட்டை கையிலேயே திருகிக்கொள்ளும். முகத்தை அகலமாக்கினால் அந்தத் திருகல் குறையும் என்று கணக்குப் போட்டார். மட்டை இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கலாம் என்று ஆட்ட விதிகளில் அப்போது ஒரு வரியும் கிடையாது. 1976இல் 110 சதுர அங்குல முகத்தோடு அவருடைய பிரின்ஸ் மட்டை கடைக்கு வந்தது.

சிரித்தார்கள், நன்றாகவே சிரித்தார்கள். ஆடத் தெரியாத கிழவர்களுக்கான மட்டை என்று கேலி பேசினார்கள். 1978இல் பாம் ஷ்ரைவர் என்ற பதினாறு வயதுப் பெண் அந்த மட்டையைப் பிடித்துக்கொண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியின் இறுதி ஆட்டம் வரைக்கும் போனாள். இன்று உலகத்தில் உயர்ந்த ஆட்டக்காரர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் 100 சதுர அங்குலத்தை ஒட்டியவை. ஆடத் தெரியாத ஒருவர் கூடம் கோணல் என்று சொன்னார். கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது!

'மரமட்டையை வைத்துக்கொண்டே நம் ராமநாதன் கிருஷ்ணன் சாதிக்கவில்லையா?' என்று கேட்பார்கள். சாதித்தார், அதில் நமக்கெல்லாம் பெருமை. 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டம், 1960இலும் 1961இலும் அதே விம்பிள்டனில் அரையிறுதி, 1966இல் பிரேசிலை வென்று டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு இந்தியாவை அழைத்துச் சென்றது என்று அவருடைய பட்டியல் நீளமானது. பலத்தை நம்பாமல், பந்தைத் தடவிக் கொடுப்பதுபோல் ஆடிய ஆட்டம் அது என்று கண்டவர்கள் சொல்வார்கள். ஆனால் அவருக்கு எதிரே நின்றவர்கள் கையிலும் மரமட்டைதான் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மட்டை எளிமையாக இருந்ததால் அவர் ஜெயிக்கவில்லை. தாமே சிறந்த ஆட்டக்காரரான தகப்பனார் டி. கே. ராமநாதனின் இடைவிடாத பயிற்சியால் ஜெயித்தார். அவர் பெயரைச் சொல்லிப் பயிற்சியைக் கேளுங்கள், நியாயம் உண்டு. மரத்தைக் கேட்பதில் நியாயம் இல்லை.

பகட்டு பாரமாகிற இடமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் விமர்சனம் ஒருதலைப்பட்சமாகிவிடும். ஆந்த்ரே அகாஸி என்ற அமெரிக்கர் பஞ்சவர்ணக் கிளிபோல் உடுத்தி ஆடியவர். 1990இல் பாரிஸ் நகரத்து இறுதி ஆட்டத்தில், தலையில் வைத்திருந்த பொய்முடி கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்துடனேயே ஆடினேன் என்று 2009இல் வெளியான சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆட்டத்தில் தோற்றார். பிறகு 1999இல் அதே பாரிஸில், மொட்டைத் தலையோடு வந்து பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். புஸ்தகத்தின் உயிரான பகுதிகளில் இது ஒன்று; ஒரு நாவலாசிரியன் பொறாமைப்படக்கூடிய சம்பவம். ஆனால் இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒளிக்க வேண்டியது ஒன்று உள்ளே இருந்தால்தான் வெளிப் பகட்டு கனக்கிறது. நம் மைதானத்துப் புது ஆட்டக்காரன் எதையும் ஒளிக்கவில்லை. ஆடத் தெரியாது என்பதை முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவன் பகிரங்கமாக அறிவித்துவிடுகிறான்!

ஆகவே புது ஆட்டக்காரன் பகட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன. முதலாவது, முழங்கை. பெரிய ஆட்டக்காரர்கள் விரும்பும் விறைப்பான பாலியெஸ்டர் நரம்பு, ஓங்கி வேகமாக வீசுகிற கைக்குத்தான் பயன் தரும். பழகாத கைக்கு அது வலியைத்தான் தரும். கனமும் அப்படியே. பயிற்சி பெற்ற கை தாங்கும் கனம் வேறு. ஆரம்பக்காரனுக்கு 280 கிராமை ஒட்டிய மட்டையே போதும். இரண்டாவது, சாயம். விளம்பரத்தில் வீரர் பிடித்திருக்கும் மட்டையும் கடையில் தொங்கும் மட்டையும் ஒன்றே என்று நம்பிவிடாதீர்கள். பல வீரர்கள் தமக்குப் பழக்கமான பழைய மட்டைக்கே புது மாதிரியின் சாயத்தைப் பூசிக்கொண்டு ஆடுவது அந்த வியாபாரத்தில் ஊரறிந்த ரகசியம். கூடுதல் விலை கொடுத்து வாங்கும்போது நாம் வாங்குவது சில சமயம் சாயத்தை மட்டும்தான். மூன்றாவது, பணம். தகப்பனார் கடன் வாங்கி மட்டை வாங்கிக் கொடுத்தால், அந்தக் கடன் ஒவ்வொரு அடியிலும் பையன் கையில் உட்கார்ந்துகொள்ளும். அது ஊரார் சிரிப்பைவிடக் கனமானது. பூட்ஸுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கவாட்டில் ஓடித் திரும்பும்போது கணுக்காலைக் காப்பது அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆரம்பக்காரர்களுக்கென்று உலக டென்னிஸ் சம்மேளனமே சிபாரிசு செய்யும் பந்துகள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று திருவிழாக் கடைபோல் இருக்கின்றன. சிவப்புப் பந்து மிக மெதுவாக வரும், ஆரஞ்சு அதைவிடக் கொஞ்சம் வேகம், பச்சை இன்னும் கொஞ்சம். பத்து வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளில் 2012 முதல் இந்த மெதுவான பந்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது. பகட்டான அந்த நிறங்களுக்குப் பின்னால் எவ்வளவு கருணை இருக்கிறது, பாருங்கள்!

கடைசியாக ஒரு விஷயம். இதுவரை 'அவன்' என்றே எழுதி வந்தேன். 'அவள்' என்று எழுதினால் இந்தச் சிரிப்பின் முகம் மாறிவிடும். 2005இல் அமெரிக்க ஓப்பனில் நாலாவது சுற்றுக்குப் போய், எந்த இந்தியப் பெண்ணும் அதுவரை எட்டாத இடத்தை சானியா மிர்ஸா எட்டினார். அந்த மாதத்திலேயே இங்கே பலர் விவாதித்தது அவருடைய பாவாடையின் நீளத்தை! உலக அரங்கில் நின்றவருக்கே இந்தக் கதி என்றால், கெடிலக்கரைத் தெரு ஒன்றிலிருந்து மட்டையோடு சைக்கிளில் புறப்படுகிற பதினான்கு வயதுப் பெண்ணின் கதி என்ன? அவள் அணிந்திருப்பது எதுவானாலும் பகட்டு என்றுதான் சொல்வார்கள். எதை அணிந்தால் சிரிக்கமாட்டார்கள் என்று தேடத் தொடங்கினால் அவள் வீட்டை விட்டே கிளம்ப முடியாது. அவளை ஆட்டத்திலிருந்து திருப்பி அனுப்ப ஒரு சட்டமும் தேவையில்லை. திண்ணையிலிருந்து இரண்டு பேர் பேசினாலே போதும்.

எனவே புதிதாக ஆட வருகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: கைக்கு ஏற்ற மட்டையை, பைக்கு ஏற்ற விலையில், உங்கள் மனசுக்குப் பிடித்த நிறத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆட வேண்டும் என்று ஆசை வருமானால் அந்த நிறத்துக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. மைதானத்து ஓரத்தில் உட்காருகிற பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அவன் பந்தை வலைக்கு மேலே தள்ளுகிறானா என்று பாருங்கள். இந்த மாதம் தள்ளாவிட்டால் அடுத்த மாதமும் வந்து பாருங்கள். அதற்குள் கடலையைத் தின்று முடித்துவிட வேண்டாம்.