மூன்றாவது ஆட்டம்

கண்டியில் ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டால் இப்போது இன்னொரு வேலை இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனையிலோ ஒரு வீட்டு மேசையைச் சுற்றி நாலைந்து பேர். நடுவில், விடுமுறைக்கு வந்த மச்சான் சூட்கேஸில் உடுப்புகளுக்கிடையே சுருட்டிக்கொண்டுவந்த போர்ட் கேம் பெட்டி. கட்டான், கார்காசோன், டொமினியன் என்று பெயர்கள் இங்கும் பழகிவிட்டன. பெட்டி பழகுமுன்பே அதற்கு ஒரு குட்டி பிறந்துவிடுகிறது. எக்ஸ்பான்ஷன் என்பார்கள், துணைப்பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். "சின்னதுதான் மச்சான், ஆனா கேமே மாறிரும்" என்று ஒருவர் பிளாஸ்டிக் உறையைக் கிழிப்பார். இந்த வழக்கத்துக்குச் சொல்லப்படும் நியாயம் எல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மூன்று மணி நேரம் யாரும் போனைத் தொடுவதில்லை. தமிழும் சிங்களமும் பேசுகிறவர்கள் ஒரே மேசையில் உட்கார, மரக்கட்டைகளுக்கு மொழி தேவைப்படுவதில்லை. சில துணைப்பெட்டிகள் உண்மையாகவே ஒரு குறையைத் தீர்க்கின்றன. 2000இல் வந்த கார்காசோனில் 72 ஓடுகள். ஆட்டம் தொடங்கிய கையோடு ஒரே வயல் பெருத்துப்போய், அதில் முதலில் தன் மரக்கட்டை ஆளைப் படுக்கவைத்தவர் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போவார். 'நதி' என்ற 12 ஓட்டுத் துணைப்பெட்டி வயலை நடுவே அறுத்து அதைச் சரிசெய்தது. அளவான வேலை, அழகான வேலை.

மற்றவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

டொமினியனை எடுத்துக்கொள்வோம். 2008இல் வந்த முதற்பெட்டியில் 25 வகை அரச அட்டைகள். ஓர் ஆட்டத்துக்கு அவற்றில் 10 வகை. எத்தனை விதமாகப் பொறுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 32,68,760 வருகிறது. வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் அறுபதாயிரம் வருடத்துக்கு மேல் தாங்கும். பாதிக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கும் என்று வாதாடுவார்கள். இருக்கட்டும், நூற்றில் தொண்ணூற்றொன்பதைத் தள்ளிவிடுங்கள். மிச்சமும் ஒரு பரம்பரைக்குப் போதும். ஆனால் ஐந்தாவது ஆட்டத்திலேயே "போரடிக்குது, அடுத்த பெட்டி வேணும்" என்கிறார்கள். பெட்டிக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்குமளவுக்கு அவர்கள் அங்கே நின்றதே இல்லை.

இதே ஊரில் சாவு வீட்டில் விடிய விடிய முந்நூற்றிநாலு ஆடுகிறவர்களைப் பாருங்கள். 32 காட்ஸ். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நான்குக்கும் 304. துரும்பு கவிழ்ந்து கிடக்கும். எதிரே இருக்கும் கூட்டாளி ஏலம் கேட்கும்போது எங்கே தயங்கினார், எந்தக் காட்டை யோசித்துப் போட்டார், எதை யோசிக்காமல் போட்டார் என்பதை முப்பது வருடமாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்டத்துக்கு யாரும் துணைப்பெட்டி விற்கவில்லை. எதிரே இருக்கும் ஆளே தீராத துணைப்பெட்டி. புதுப்பெட்டி மேசையில் அந்த ஆள் காணாமல் போகிறார். எல்லாத் தலைகளும் விதிப்புத்தகத்துக்குள் கவிழ்ந்திருக்கின்றன.

ஒரு ஆட்டம் எதைக் காட்டாமல் மறைக்கிறது என்பதும் நின்று ஆடினால்தான் தெரியவரும். அதைத் தவறவிடுவதைவிடக் கண்டிக்காரர்களுக்குப் பெரிய நட்டம் இல்லை. 2018இல் 'சிலோன்' என்றே ஒரு போர்ட் கேம் வந்தது. உருவாக்கியவர்கள் சூசான், கிறிஸ் ஜின்ஸ்லி, வெளியிட்டது லுடோனோவா. கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலையை வளர்த்த முன்னோடிகளாக ஆடுபவர்கள் மாறுகிறார்கள். வெவ்வேறு உயரங்களில் தோட்டம் போட வேண்டும், தேயிலை சேர்த்து ஏற்றுமதிக் கம்பெனிக்கு விற்க வேண்டும், மாவட்ட ஆலோசகரின் தயவைப் பெற வேண்டும். ஆட்டமாக, நேர்த்தியானது. கண்டியில் அதை ஆடுவதில் ஒரு தனிக் குஷியும் உண்டு: ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்த லூல்கந்துர இங்கே தெல்தோட்டைப் பக்கம்தான், ஹந்தானையில் பழைய தொழிற்சாலையே தேயிலை நூதனசாலையாக நிற்கிறது.

முதல் ஆட்டத்தில் விதி புரியும். இரண்டாவதில் ஜெயிக்கும் வழி புரியும். கை தன்னால் ஓட ஆரம்பிக்கும் மூன்றாவது ஆட்டத்தில்தான், சேர்த்த தேயிலைக் கட்டையை விரலில் உருட்டியபடி ஒருவருக்குக் கேட்கத் தோன்றும்: "இந்தக் கொழுந்த எடுத்தது யாரு?" ஆட்டத்தில் பிரட்டுக்களம் இல்லை, கங்காணி இல்லை, லயம் இல்லை, கூடை மாட்டிய ஒரு தோள் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் 200 வருடத்தை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலரின் அப்பாயி அதே மலையில் நிறைக்குக் காத்து நின்றவர். ஆனாலும் கேள்வி வருவதில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பே இன்னொரு பெட்டி உடைந்துவிடுகிறது.

இது மிகைப்படுத்தல் என்பவர்கள் 'புவேர்ட்டோ ரிக்கோ'வின் கதையைப் பார்க்கலாம். அந்த ஆட்டம் 2002இல் வந்தது. கப்பலில் வந்திறங்கி, கரும்புத் தோட்டத்தில் வைக்கப்படும் பழுப்பு வட்டுகளுக்கு அதில் 'குடியேறிகள்' என்று பெயர். அதற்கும் துணைப்பெட்டிகள் வந்தன. ஒன்று புதிய கட்டடங்களைக் கொண்டுவந்தது, இன்னொன்று பிரபுக்களைக் கொண்டுவந்தது. பழுப்பு வட்டு யார் என்று இரண்டும் வாய் திறக்கவில்லை. அதே பழைய பலகையை வருடக்கணக்காக விரித்து விரித்து ஆடியவர்கள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022இல் வந்த 'புவேர்ட்டோ ரிக்கோ 1897' கதையை அடிமைமுறை ஒழிந்த பிறகான காலத்துக்கு நகர்த்தி, கூலி வாங்கும் தொழிலாளர்களை வைத்தது. அது போதுமா என்பது வேறு வழக்கு.

கண்டியில் 'சிலோன்' வைத்திருக்கும் வீட்டில் அது அலமாரியின் அடித்தட்டில் இருக்கும், அட்டைகள் இன்னும் புதுவாசத்தோடு. மேலே இரண்டு துணைப்பெட்டிகள். டிசம்பரில் வரும் யாரோ ஒருவரிடம் கட்டானின் 'கடலோடிகள்' கொண்டுவரச் சொல்லியாயிற்று.