மணி அடித்த பிறகு

பள்ளி மணி அடிக்கிறது. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளை தனிப்பயிற்சிக்குச் செல்கிறது. உழைப்பாளியின் பிள்ளை? ஐயம் தீர்க்க ஆளின்றி ஏட்டை மூடி வைக்கிறது. வகுப்பறை ஒன்றாக அமர்த்திய இருவரை மாலைப்பொழுது பிரித்துவிடுகிறது!

மாலைப்பொழுதின் மதிப்பை ஆதிக்கக்காரர் நன்கறிவர். 1953இல் இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த திட்டம் என்ன? பள்ளியில் மூன்று மணி நேரம்; எஞ்சிய பொழுதில் அப்பன் தொழில்! குலக்கல்வி என்று தமிழகம் அதனைச் சாடிற்று. 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. பள்ளிக்கு வெளியே உள்ள நேரம் குலத்தொழிலுக்கா, அறிவுக்கா என்பதே அன்றைய போர்.

2021 அக்டோபர் 27ஆம் நாள், விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. கொரோனாவால் கற்றலை இழந்த 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலைதோறும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரப் பயிற்சி. அரசு 200 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. பயன் விளைந்ததா? விளைந்தது! தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்த பொருளியல் அறிஞர்கள், மீட்கப்பட்ட கற்றலில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்ததென 2022இல் கணக்கிட்டனர்.

பயனைப் பாராட்டுகிறோம், முறையைக் கண்டிக்கிறோம். பாடம் நடத்திய தன்னார்வலர் ஏறத்தாழ 2 லட்சம் பேர், பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு வகுக்கப்பட்ட ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்! மாதத்திற்கு இருபது நாள் என்று கொண்டாலும் நாளொன்றுக்கு 50 ரூபாய். இதற்குப் பெயர் தொண்டாம்! பெண்ணின் உழைப்பு மலிவு என்பது மனுவின் கணக்கு. அது மக்களாட்சியின் கணக்காகலாமா? நம்மவர் ஆட்சி என்பதற்காக இதைக் கேளாதிருப்பது பகுத்தறிவாகுமா?

"கொரோனா இழப்பு தீர்ந்தபின் திட்டம் எதற்கு?" என்பர் சிலர். கொரோனா வந்தது 2020இல். கூரைவீட்டுப் பிள்ளையின் மாலை இருண்டதோ எத்தனையோ தலைமுறைக்கு முன்பு! நோய்க்கு ஒதுக்கிய பணம் நோயோடு போகலாம். சாதி விளைத்த இழப்புக்கு ஒதுக்கவேண்டிய பணம், அவ்விழப்பு ஒழியும்வரை நிற்கவேண்டும்.

மாலைக் கல்வி வரவு செலவுத் திட்டத்தில் நிலையான செலவாகட்டும். கற்பிப்போர்க்கு முறையான ஊதியம் கிடைக்கட்டும். தோழர்களே, உங்கள் ஊரில் மாலை வகுப்பு நடக்கிறதா என்று சென்று பாருங்கள். இல்லையெனில் கிராமசபையில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்!