கேமரா வேனில் ஒரு கிராமச் சுற்று

பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தாவும் ஜே.ஆர். என்ற புகைப்படக் கலைஞரும் ஒரு வேனில் ஊர் ஊராகப் போனார்கள். இருவருக்கும் 55 வயது வித்தியாசம். 2017-இல் வெளிவந்த ‘ஃபேசஸ் பிளேசஸ்’ அந்தப் பயணத்தின் படம்.

வேன்தான் படத்தின் செல்லப்பிள்ளை. பக்கவாட்டில் பெரிய கேமரா ஓவியம். உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டால், வெளிப்புறத்தில் ஆளுயரத் தாளாக அது சரசரவென்று இறங்கும். பசை தடவிச் சுவரில் ஒட்ட வேண்டியதுதான்.

யாருடைய சுவர் என்பதில்தான் வர்தாவின் ரசனை. வடக்கே, இடிக்கவிருந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பெண் மட்டும் காலி செய்ய மறுத்து வாழ்கிறார். அவர் முகம் அவர் வீட்டின் மீதே ஏறுகிறது. பார்த்ததும் அவருக்குப் பேச்சு வரவில்லை. வேறோர் ஊரில் சுமார் 2,000 ஏக்கரை இயந்திரங்களின் துணையோடு தனி ஆளாக உழும் விவசாயி. முன்பு அவருடன் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். அவர் உருவம் தானியக் கொட்டகைச் சுவருக்குப் போகிறது.

லே ஹாவ்ர் துறைமுகத்தில் ஆண்கள்தான் கண்ணில் படுகிறார்கள். “மனைவிமார் எங்கே?” என்று வர்தா விசாரிக்கிறார். அடுக்கிய கன்டெய்னர்கள் மேல் மூன்று பெண்கள் கோபுர உயரத்தில் எழுகிறார்கள்.

ஆட்டுப் பண்ணைகளிலும் வர்தாவின் விசாரணை தொடர்கிறது. சண்டை போடாமலிருக்க ஓரிடத்தில் குட்டிகளின் கொம்பைத் தீய்த்துவிடுகிறார்கள். இன்னொரு பெண் கொம்போடு வளர்த்து, கையாலேயே பால் கறக்கிறார். வர்தா யார் பக்கம் என்பதைச் சுவரில் ஒட்டிய கொம்பு ஆடே சொல்லிவிடுகிறது.