பெயரிடும் பொறுப்பு

'நியூரோடைவர்சிட்டி' எனும் ஆங்கிலச் சொல், ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் 1998ஆம் ஆண்டு ஆய்வேட்டோடு இணைத்துப் பேசப்படுகிறது. மனித மூளைகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையல்ல. வேறுபட்டு இயங்கும் மூளை பழுதுபட்ட மூளையாகாது என்பதே அதன் சாரம். தமிழில் இதனை 'நரம்பியல் பன்முகத்தன்மை' என்கின்றனர். பொருளில் பிழையில்லை, ஆயினும் ஒரு தாய் தன் மகனைப் பக்கத்து வீட்டாருக்கு அறிமுகப்படுத்த இச்சொல் உதவுமா?

ஆட்டிசத்துக்கு நாம் இட்ட பெயர்களையும் ஆராய்வோம். 'மதியிறுக்கம்' என்பது மதி இறுகியதென்கிறது. 'தற்புனைவு ஆழ்வு' என்பது குழந்தை தன் கற்பனையில் மூழ்கியதென்கிறது. இரண்டும் வெளியே நின்று பார்ப்பவரின் சொற்கள். ஜப்பானியரின் 'ஜிஹெய்ஷோ'வும் தன்னுள் அடைபட்ட நோய் என்றே பொருள்படும். ஆனால் அந்நாட்டில் மனச்சிதைவு நோய்க்கு வழங்கிய 'மனம் பிளவுபட்ட நோய்' எனும் பெயரை மாற்றக் குடும்பத்தார் வேண்டினர்; மனநல மருத்துவர் கழகம் 2002இல் மாற்றியது. சுமப்பவரின் குரல் சொல்லாக்கத்தில் கேட்கப்பட்டது.

'மாற்றுத்திறனாளி' எனும் சொல் 'ஊனமுற்றோர்' என்பதன் கூர்மையை நீக்கியது, அதற்கு நன்றி. எனினும் ஓர் ஐயம் எழுகிறது. எத்திறனும் வெளிப்படாத, உண்ணவும் உடுக்கவும் வாழ்நாளெல்லாம் துணை வேண்டிய குழந்தைக்கு அச்சொல்லில் இடமுண்டா? மாண்பு திறனுக்குக் கிடைக்கும் பரிசன்று. இறைச்சாயலாகப் படைக்கப்பட்டதாலேயே வருவது. பன்முகத்தன்மை என்னும் அழகிய சொல்லும், உறங்காத தாயின் இரவுகளை மறைக்கும் திரையாகிவிடலாகாது.

சொற்கள் தடுமாறும் இடத்தில் செயல் வழிகாட்டுகிறது. நம் வேலூரில், பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் உள்ளது. அங்கு நோயுற்றவருடன் குடும்பத்தாரும் தங்கிப் பராமரிப்பில் பங்குகொள்வது நெடுநாள் வழக்கம். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பிரிவுக்கு 'நம்பிக்கை நிலையம்' என்று பெயர். பெற்றோரும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். அப்பெயர் குழந்தையின் குறையைச் சொல்லவில்லை. அதனோடு நிற்போரின் நிலையைச் சொல்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் நம்மவர் பழைய 'விசுவாசம்' இருந்த இடத்தில் வைத்ததும் இதே 'நம்பிக்கை' என்பது எண்ணத்தக்கது.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர், யார் செய்த பாவம் என்று காரணம் தேடுகின்றனர். ஆண்டவர் அக்கேள்வியையே மறுக்கிறார். நம் பங்குகளில் அக்கேள்வி இன்னும் சாகவில்லை. திருப்பலியில் ஒரு குழந்தை உரக்கக் குரலெழுப்பினால் திரும்பிப் பார்க்கும் கண்களில் அது உயிர்வாழ்கிறது. புதுநன்மை வகுப்பில் செபங்களை ஒப்பிக்க இயலாத சிறுவனை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என ஆண்டுதோறும் அனுப்பிவிடுகையிலும் அது உயிர்வாழ்கிறது. சாதாரண அப்பத்தினின்று நற்கருணையைப் பிரித்தறிவதைப் புனித பத்தாம் பத்திநாதர் 1910இல் முதன்மையாகக் கருதினார். அவ்வறிவு நாவில்தான் வெளிப்பட வேண்டுமென்பதில்லை. கூப்பிய கரத்திலும், அமைதியுற்ற முகத்திலும் வெளிப்படலாம்.

ஆகவே தகுந்த தமிழ்ச் சொல்லை அறிஞர் தேடட்டும். அக்குழந்தைகளின் பெற்றோரையும் அவ்வவையில் அமர்த்தட்டும். அதுவரை நம் பங்குகள் அச்சிறுவனை அவனது திருமுழுக்குப் பெயரால் அழைக்கட்டும். அப்பெயரைத் திரு அவை முன்னரே தந்துவிட்டது.