வரப்பில் நடந்தபடி வரைபடம்: ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி எப்படி?

இங்கிலாந்தின் டார்க்கிங் நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்திருப்போம். பாதை நேராக ஒரு கோதுமை வயலுக்குள் நுழைந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். “ஏப்பா, அடுத்தவங்க வயலாச்சே, திட்ட மாட்டாங்களா?”

வேலிக் கம்பத்தில் இருந்த மஞ்சள் அம்புக்குறியைக் காட்டினேன். இங்கே மஞ்சள் அம்பு என்றால் பொது நடைபாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். நிலம் யாருடையதாக இருந்தாலும் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படிச் சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டர் பொதுவழிகள் இருக்கின்றன.

அந்த உரிமை உள்ளாட்சியின் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வழியில் சேறா, படியா, கதவா என்பதைப் போய் வந்தவர்தான் சொல்ல முடியும். 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தன்னார்வலர்கள் அதைத்தான் எழுதிவைக்கிறார்கள். அதற்கு எளிய கருவி ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற இலவச ஆண்ட்ராய்டு செயலி. எந்த விவரம் விடுபட்டிருக்கிறதோ அங்கே வரைபடத்தில் ஒரு குறி தெரியும். தொட்டால் கேள்வி வரும். பார்த்ததைப் பதிலாகச் சொன்னால் போதும். பகுதியை முன்பே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்கிறது.

வயலின் மறுகோடியில் ஒரு குறி. ‘இங்கே எந்த வகை ஸ்டைல்?’ என்று படங்களோடு கேட்டது. ஆடுமாடு தாண்டாமல் மனிதர் மட்டும் ஏறி இறங்க வேலியில் வைக்கும் படிதான் ஸ்டைல். நேரில் பார்த்தால் படியே இல்லை. புதிதாக ஒரு சின்னத் தள்ளுகதவு போட்டிருந்தார்கள். மாற்றிப் பதிந்தேன். முழங்கால் வலியுள்ள அம்மா காலைத் தூக்காமலே அதில் நுழைந்து போனார். பழைய பதிவு அப்படியே கிடந்திருந்தால் அவரைப் போன்றவர்கள் இந்த வழியையே ஒதுக்கியிருப்பார்கள். செயலி எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

புதுப் பாதையை இதில் வரைய முடியாது; படத்தோடு குறிப்பு விடலாம், அவ்வளவுதான். வரைவதற்கு வெஸ்புச்சி செயலி இருக்கிறது. பழகக் கொஞ்சம் நாளாகும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு கோ மேப். ‘பொது நடைபாதை’ என்ற சட்டத் தகுதியைச் சேர்க்கும்போது மட்டும் கவனம் தேவை. வழிகாட்டிப் பலகையில் கண்டதை எழுதலாம், திறந்த உரிமத்தில் உள்ளாட்சி வெளியிட்ட தரவிலிருந்தும் எடுக்கலாம். கடையில் வாங்கிய வரைபடத்தைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது, அது பதிப்புரிமை மீறல்.

அடர்ந்த மரங்களுக்கு அடியில் என் போனின் ஜிபிஎஸ் பத்து மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டியது. நான்கு மணி நேரத்தில் பேட்டரி பாதியாகிவிட்டது. பவர்பேங்க் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தயங்காமல் ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டைச் சொல்வேன். அடுத்த முறை நடக்கப் போகும்போது நிறுவிக்கொண்டு, ஒரே ஒரு கதவையாவது பதிந்துவிட்டு வாருங்கள்.