காலாவதியாவது யாருடைய அறிவு?

ஒரு தேர்வின் பாடத்திட்டத்தை இலக்கியப் பிரதியைப் போல வாசிக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். அதில் எது எழுதப்பட்டிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது, யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கலாம். நான் கணினி வலையமைப்புப் பாடம் நடத்துகிறவள். என் மாணவிகள் பலரும் எழுத விரும்பும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ தேர்வை இந்தக் கேள்விகளோடு வாசித்துப் பார்க்கிறேன்.

முதலில் அதன் நல்ல பக்கம். 120 நிமிடங்கள் கணினியின் முன் உட்கார்ந்து எழுதும் தேர்வு இது. மதிப்பெண் போடும் கணினிக்கு எழுதுகிறவளின் சாதி தெரியாது, அப்பாவின் வேலை தெரியாது, ஆங்கில உச்சரிப்பும் கேட்காது. பரிந்துரைக்க ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்ணுக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் கட்டணம் 300 டாலர். அண்ணன் கேட்டால் கடன் வாங்கியாவது கட்டப்படும் தொகை, தங்கை கேட்கும்போது கல்யாணச் செலவோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கப்படுகிறது. தேர்வறையின் சமத்துவம் அறைக்கு உள்ளேதான் தொடங்குகிறது.

அடுத்து, விடுபட்டவை. பாடத்திட்டத்தில் ஸ்பேனிங் ட்ரீ என்றொரு பகுதி உண்டு. சுவிட்சுகளுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தால் தகவல் முடிவில்லாமல் சுற்றி வலையமைப்பே முடங்கிப்போகும். அதைத் தடுக்கும் முறையை ரேடியா பெர்ல்மன் என்ற பெண், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கி, 1985இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். தன் முறையை விளக்கி ஒரு சிறு கவிதையும் எழுதினார். ஓஎஸ்பிஎஃப் பாடம் நடத்தும்போது ‘டைக்ஸ்ட்ரா வழிமுறை’ என்று கண்டுபிடித்தவரின் பெயரோடு சொல்கிறோம். ஸ்பேனிங் ட்ரீயை அப்படிச் சொல்வதில்லை. 1984இல் சிஸ்கோவைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சாண்ட்ரா லெர்னர் என்ற பெண். 1990இல் அந்த நிறுவனமே அவரை வெளியேற்றியது. இதுவும் வகுப்பறைக்கு வருவதில்லை. விளைவாக, இந்தத் துறைக்குத் தான் புதிதாக வந்து சேர்ந்த விருந்தாளி என்று மாணவி நினைத்துக்கொள்கிறாள். அவள் விருந்தாளி அல்ல.

பெயர்களை வகுப்பில் நாமே சேர்த்துவிடலாம். மூன்றாவது கேள்விக்கான பதிலை அப்படி மாற்ற முடியாது.

சிசிஎன்ஏ சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். அதற்குள் மீண்டும் தேர்வெழுத வேண்டும், அல்லது உயர்நிலைத் தேர்வொன்றில் தேற வேண்டும், அல்லது பயிற்சிகள் மூலம் 30 புள்ளிகள் சேர்க்க வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 22 வயதில் தேறியவளுக்கு 25இல் காலாவதி. 25இல் புதுப்பித்தால் 28இல் மறுபடியும். நம் ஊரில் ஒரு பெண்ணின் திருமணம், இடமாற்றம், கர்ப்பம், குழந்தை எல்லாம் நெருக்கியடித்து வரும் ஆண்டுகள் இவைதான். புள்ளி சேர்க்கும் படிப்புக்கு அலுவலகம் நேரம் ஒதுக்காவிட்டால், அந்த நேரம் இரவு பத்து மணிக்கு மேல்தான் கிடைக்கும். பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு அவளுக்கு அதுவும் கிடைப்பதில்லை. விதி பெண்களுக்கு எதிராக எழுதப்படவில்லை. வீட்டில் வேறொருவர் சமைத்துவைக்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது, பழைய அறிவு பயன்படாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஓரளவு உண்மை. பாதுகாப்பு, தானியக்கம் போன்ற பகுதிகள் மாறத்தான் செய்கின்றன. ஆனால் பாடத்திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். தானியக்கத்துக்கு 10 விழுக்காடு, பாதுகாப்புக்கு 15. அதிக எடை, 25 விழுக்காடு, ஐபி வழித்தடங்களுக்கு. இன்றும் கற்பிக்கும் ஐபி நான்காம் பதிப்பு 1981இல் வரையறுக்கப்பட்டது. நாற்பதாண்டுகளைக் கடந்த நெறிமுறை காலாவதியாகவில்லை; அதைக் கற்றவளின் சான்று மூன்றாண்டில் காலாவதியாகிறது. இங்கே அளக்கப்படுவது அறிவு மட்டுமல்ல, இடைவெளி விடாமல் வேலையில் இருப்பதும்தான்.

இந்தக் கடிகாரம் இயற்கை விதியல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு. காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் சான்றிதழை 2011க்கு முன் பெற்றவர்களுக்கு அது ஆயுள் முழுவதும் செல்லும். பிறகு வந்தவர்களுக்கு மூன்றாண்டு. 2020இல் பெருந்தொற்றால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது, நடப்பிலிருந்த சான்றிதழ்களின் காலத்தைச் சிஸ்கோ ஆறு மாதம் நீட்டித்தது. எல்லாருடைய வாழ்க்கையும் நின்றபோது கடிகாரத்தைத் தள்ளிவைக்க முடிந்தது. ஒரு பெண்ணின் வேலை பிரசவத்தால் நிற்கும்போது மட்டும் அது ஏன் அவளுடைய சொந்தப் பிரச்சினையாகிவிடுகிறது? இந்தியச் சட்டம் 2017 முதல் 26 வாரப் பேறுகால விடுப்பை ஏற்கிறது. அந்த வாரங்களைக் கழித்துக் கணக்கிடுவதைச் சான்றிதழ்களின் பொது விதியாக்குவது பெரிய தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றுமில்லை.

பெர்ல்மனின் முறையில் மாற்றுவழியை யாரும் பிடுங்கி எறிவதில்லை. அது தற்காலிகமாகத் தடுத்துவைக்கப்படுகிறது. தடுக்கப்பட்ட நிலையிலும் அந்த முனை கட்டுப்பாட்டுச் செய்திகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். முதன்மை வழி அறுந்தால் திறந்துகொள்ளும். கொஞ்ச காலம் ஓடாமல் இருப்பதும் பயனற்றுப்போவதும் ஒன்றல்ல என்பதை இந்தத் துறை தன் கம்பிகள் விஷயத்தில் புரிந்துவைத்திருக்கிறது. மனிதர்கள் விஷயத்திலும் புரிந்துகொள்ளட்டும்.

விதிகள் மாறும்வரை மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். தேர்வை எழுதுங்கள், அது கதவைத் திறக்கும். காலாவதித் தேதியை வீட்டிலிருப்பவர்களுக்கும் சொல்லி, அந்த ஆண்டின் படிப்பு நேரத்தைக் குடும்பத்தின் பொறுப்பாக்குங்கள். வேலைக்கு அமரும்போது புதுப்பிக்கும் கட்டணத்தை யார் தருவது, வேலை நேரத்திலேயே படிக்கலாமா, பேறுகால விடுப்பில் சான்று காலாவதியானால் பதவி உயர்வு பாதிக்கப்படுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒருத்தி மட்டும் கேட்டால் தொந்தரவுக்காரி என்பார்கள். ஆகவே சேர்ந்து கேளுங்கள்.