காலி சீட்டுக்குத் தள்ளுபடி

நூம்பல் நண்பர் ஒருவர் ஹைப்ரிட் கார் வாங்கியிருக்கிறார். (நூம்பல் தெரியாதவர்களுக்கு: பூந்தமல்லி ஹை ரோடில் வேலப்பன்சாவடிக்குப் பக்கம்.) ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போனார். சிக்னலில் நின்றதும் சத்தம் அடங்கியது. 'இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு ஸார், கவனிச்சீங்களா?' என்றார். கவனித்தேன். அடுத்த சிக்னலிலும் கேட்டார். மூன்றாவதில் நானே முந்திக்கொண்டு, 'ஆஃப் ஆயிடுச்சு' என்றேன்.

அவருக்கு ஒரு குறை. 'கலிஃபோர்னியாவில மச்சினன் பையன் இருக்கான். அங்கே ஹைப்ரிட் வெச்சிருந்தா கார்பூல் லேன்ல தனி ஆளாவே போகலாமாம். இங்கே டோல்கேட்ல அஞ்சு ரூபா குறைக்க மாட்டேங்கறான். நீங்க எழுதக் கூடாதா?'

எழுதுகிறேன். அவர் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை.

முதலில், மச்சினன் பையன் சொன்னது பழைய கதை. கார்பூல் லேன் என்பது ஹைவேயில் தனியாகக் கோடு போட்டு, ரோடில் டைமண்ட் குறி வரைந்து ஒதுக்கிய பாதை. காரில் இரண்டு பேராவது, சில இடங்களில் மூன்று பேராவது இருக்க வேண்டும். தனியாகப் போய் மாட்டினால் அபராதம் குறைந்தபட்சம் 490 டாலர். 2005-ல் கலிஃபோர்னியா அரசு ஹைப்ரிட் கார்களுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் கொடுத்துத் தனி ஆளாகப் போகவும் அனுமதித்தது. மொத்தம் 85,000 ஸ்டிக்கர். தீர்ந்துபோனதும், ஸ்டிக்கர் ஒட்டிய பழைய ப்ரியஸுக்கு செகண்ட் ஹேண்டில் கூடுதல் விலை கேட்டார்கள். 2011 ஜூலையோடு சலுகை முடிந்தது. பிறகு எலெக்ட்ரிக் கார்களுக்குக் கிடைத்துவந்த அதே சலுகையும் 2025 செப்டம்பர் 30-ல் முடிந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹைப்ரிட்டின் சாமர்த்தியமே நின்று நின்று போவதில்தான். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மோட்டார் பிடித்து பாட்டரியில் போட்டுக்கொள்கிறது. ஊர்ந்து போகும்போது அதை எடுத்துச் செலவழிக்கிறது. மதுரவாயல் ஜாமில் அது ராஜா. ஒரே சீராக நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் பிரேக்குக்கு வேலையில்லை. இன்ஜின்தான் பெரும்பாலும் இழுக்க வேண்டும். லாபம் குறைந்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஜாம் இல்லாத பாதையைப் பரிசாகக் கொடுத்தார்கள்! நம் ஊரிலும் இதைவிட வேடிக்கை நடந்தது. 2015-ல் வந்த மத்திய அரசின் மானியத் திட்டத்தில், மோட்டார் மட்டும் தனியாக இழுக்கவே முடியாத 'மைல்ட்' ஹைப்ரிட்டுக்கும் பணம் கொடுத்தார்கள். 2017 ஏப்ரலில்தான் நிறுத்தினார்கள்.

கார் எதில் ஓடுகிறது என்பதல்ல என் கேள்வி. உள்ளே எத்தனை பேர் என்பதுதான். ஒரு நாள் காலை வேலப்பன்சாவடியில் டீக்கடை ஓரமாக நின்று, தனி ஆளாகப் போகும் கார்களை எண்ண ஆரம்பித்தேன். டீ ஆறுவதற்குள் கணக்கு தப்பிவிட்டது. இரண்டு பேர் இருக்கும் காரை எண்ணுவது சுலபம் என்று மாற்றிக்கொண்டேன். அப்புறம் டீயை நிதானமாகவே குடிக்க முடிந்தது. நடுவே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் போயின. ஜன்னலில் சாய்ந்து தூங்கும் இளைஞர்கள். ஒரு பஸ் அடைத்துக்கொள்ளும் இடம் மூன்று கார் அளவு. உள்ளே நாற்பது பேர்.

தலையை எண்ணுவதெல்லாம் நம் ஊரில் நடக்காது, ஏமாற்றுவார்கள் என்பீர்கள். எல்லா ஊரிலும் ஏமாற்றினார்கள். சிங்கப்பூரில் 1975-ல் நகர மையத்துக்குள் காலையில் நுழையும் காருக்குக் கட்டணம் போட்டபோது, நான்கு பேர் இருந்தால் இலவசம் என்றார்கள். கார்க்காரர்கள் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, யாரென்றே தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1989-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஜகார்த்தாவில் இன்னும் ஒரு படி மேலே. முக்கிய சாலைகளில் காருக்கு மூன்று பேர் கட்டாயம் என்றதும், சாலையோரம் நின்று கூலிக்கு ஏறி உட்காரும் 'ஜாக்கி' என்றொரு தொழிலே உருவாகிவிட்டது. கைக்குழந்தையோடு ஏறினால் இரண்டு தலை. 2016-ல் கோபித்துக்கொண்டு விதியையே ரத்து செய்தார்கள். என்ன ஆயிற்று? மாலை நேரத் தாமதம் 87 சதவிகிதம் கூடியது என்று ஓர் ஆய்வு 2017-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் வந்தது. அத்தனை திருட்டுத்தனத்தோடும் அந்த விதி வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது!

இப்போது நம் டோல்கேட்டுக்கு வருவோம். பைபாஸில் வானகரம், சூரப்பட்டு. பெங்களூர் ரோடில் நெமிலி, சென்னசமுத்திரம். தெற்கே பரனூர். நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சாவடி வைக்கக் கூடாது என்று 2008-ன் விதி சொல்கிறது (விதிவிலக்குகளோடுதான்). இந்த ஐந்தையும் எடுக்க வேண்டும் என்று 2021-ல் அமைச்சர் எ.வ.வேலு சட்டசபையில் சொன்னார். மதுரவாயல் - வாலாஜா ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்ததால், 2020 டிசம்பரில் இரண்டு சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இந்தச் சண்டை நியாயமானதுதான். ஆனால் இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது.

2008 விதியில் அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்கு காருக்கு 65 பைசா, பஸ்ஸுக்கு 2 ரூபாய் 20 பைசா. (வருடா வருடம் விலைவாசியோடு ஏறும்.) அதாவது பஸ்ஸுக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. ஒரு சாவடியில் காருக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு 200 வரும். நாற்பது பேர் என்றால் தலைக்கு ஐந்து. தனியாகப் போகிறவர் தலைக்கு அறுபது. பரவாயில்லை, நியாயமாகத்தான் படுகிறது.

2025 ஆகஸ்ட் 15-ல் ஆண்டு பாஸ் வந்தது. 2025-26-ல் 3,000 ரூபாய்க்கு 200 தடவை கடக்க முடிந்தது. தடவைக்குப் பதினைந்து ரூபாய். சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். பஸ்ஸுக்குக் கிடையாது. மாதத்துக்கு ஐம்பது நடை, மூன்றில் இரண்டு பங்கு கட்டணம் என்ற பழைய பாஸோடு அது திருப்திப்பட வேண்டியதுதான். ஆக, காலியான நாலு சீட்டைச் சுமந்து போகிறவருக்கு முக்கால்வாசித் தள்ளுபடி, நாற்பது பேரைச் சுமக்கும் பஸ்ஸுக்கு மூன்றில் ஒரு பங்கு!

அரசு பஸ் கதை இன்னும் மோசம். 276 கோடி ரூபாய் பாக்கி என்று, 2025 ஜூலையில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி சாவடிகளில் அரசு பஸ்களை விடக் கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு அவகாசம் கேட்க, உத்தரவை நிறுத்திவைத்தார்கள். ஒரு அரசு போட்ட ரோடில் இன்னொரு அரசின் பஸ் கடன்காரனாக நிற்கிறது. பக்கத்து வரிசையில் தனி ஆள் கார் 'பீப்' சத்தத்தோடு பறக்கிறது.

தலையை எண்ண கேமரா வேண்டாம், ஜாக்கி பயமும் வேண்டாம். பஸ் என்றாலே உள்ளே ஆள் இருக்கிறது என்று ஃபாஸ்டாகுக்கே தெரியும். சலுகையை அங்கே கொடுத்திருக்கலாம்.

நண்பரிடம் இத்தனையும் சொன்னேன். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்கு மாதப் பாஸ் உண்டு, 2025-26-ல் 350 ரூபாய், சர்வீஸ் ரோடு இருந்தால் தர மாட்டார்கள், எதற்கும் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

'உங்க ஆபீஸ் ஆட்கள் யாரும் பக்கத்துல இல்லையா?'

'எங்க அபார்ட்மென்ட்லயே ரெண்டு பேர் இருக்காங்க ஸார். பெட்ரோல் காசு வாங்கினா வெள்ளை போர்டுக்கு கேஸ் போடுவாங்களோன்னு பயம்.'

'வாங்காம கூட்டிட்டுப் போங்களேன்.'

கொஞ்ச நேரம் யோசித்தார். 'அதுல ஒருத்தர் ஏசியைப் பதினெட்டுல வெக்கச் சொல்வார் ஸார்.'